இலங்கை உதைபந்தாட்டக் கோஷ்டியின் கதை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய அறிவையும் ஒழுக்கத்தையும் வளர்க்கவென்று ஏற்பட்ட ஒரு சங்கத்தின் மேடையில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச எழுந்தமைக்கு முதலிலே சமாதானம் சொல்ல வேண்டியவர்களாயிருக்கிறோம். "தேவாரம் பாடிய மேடையில் பந்துக்கு என்ன வேலை?" என்று பெரியவர் ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். அன்னாருக்கு மறுமொழி சொல்ல விவேகானந்த சுவாமிகளைத்தான் துணைக்கழைக்க வேண்டும். மேல்நாட்டு யாத்திரையை முடித்துக்கொண்டு 1897ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிய சுவாமிகள், அடுத்த மாதம் சென்னையிலே வாலிபர்களுக்குப் பேசும்போது, கீதைப் படிப்புக்கும் முன்னே உதைபந்தை வைத்துப் பேசினார்கள். கீதையைத் தாழ்த்துவது அவர்கள் கருத்தன்று. புயத்திலே வலுவில்லாதவன், போர்க்களத்தில் சொல்லப்பட்ட வார்த்தையை விளங்கிக் கொள்ளமாட்டான் என்பதே கருத்து. ஆகவே சுவாமிகளின் உத்தரவோடு தொடங்குகிறோம்.

இன்னொரு நியாயமும் உண்டு. கரவனெல்லப் பகுதித் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குப் பந்து என்பது கடையில் வாங்கிய பொருளாக அறிமுகமானதில்லை. பால்வெட்டு முடிந்த பின் மரத்தின் வெட்டிலும் சிரட்டையின் அடியிலும் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை நாடாநாடாக உரித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி உருட்டினால் அதுதான் பந்து. அது துள்ளும் துள்ளல் எந்தப் பக்கம் போகுமென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஒட்டுப்பாலும் நிறுத்து விற்கும் பொருளாதலால், கங்காணி கண்ணிற் பட்டால் பந்தும் போகும், காதும் சிவக்கும். அப்படி ஆடியவர்கள் இந்தச் சபையிலே நரைத்த தலையோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதை இங்கிருந்தே காண்கிறோம்.

அந்தப் பாலுக்கும் உலகத்துப் பந்துக்கும் உள்ள உறவு சிறிதன்று. பண்டைக் காலத்தில் சீமையிலே பன்றியின் மூத்திரப்பையை ஊதித் தோலுக்குள் அடைத்து உதைத்தார்கள். கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வந்த பிறகுதான், உருண்டையான, காற்று இறங்காத பந்து சாத்தியமாயிற்று. பிரேசில் நாட்டிலிருந்து போன ரப்பர் விதை லண்டனுக்கருகில் கியூ தோட்டத்திலே முளைத்து, 1876ஆம் ஆண்டு கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவுக்குக் கன்றுகளாக வந்து சேர்ந்தது. அதன் சந்ததிதான் களனிப் பள்ளத்தாக்கின் இருமருங்கும் நிற்கிறது. உலகம் பந்து ஆடுவதற்குப் பால் வெட்டிக் கொடுத்த ஜனங்கள் நாம். அந்த ஜனங்களின் பிள்ளைகள் இந்த நாட்டின் கோஷ்டியிலே எங்கே என்பதுதான் இன்று நாம் கேட்க வந்த கேள்வி. அதற்குக் கோஷ்டியின் சரித்திரத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

உதைபந்தாட்டத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். கொழும்பிலே சிப்பாய்களும் மாலுமிகளும் ஆடியதைப் பார்த்து நகரத்து வாலிபர் பிடித்துக் கொண்டனர். தோட்டத்துத் துரைமாரோ பெரும்பாலும் ரக்பி மோகங் கொண்டவர்கள். அவர்களிடமிருந்து நமக்குப் பந்து வந்ததாகச் சொல்வதற்கில்லை. 1939ஆம் ஆண்டு நாடு தழுவிய சங்கம் அமைந்தது. சுதந்திரத்தின் பின் 1952ஆம் ஆண்டு அச்சங்கம் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபிஃபாவிலே அங்கம் பெற்றது. அதே ஆண்டிலேதான் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கிண்ணப் போட்டி கொழும்பிலே ஆரம்பமாயிற்று. 1953இல் ரங்கூனிலும், 1954இல் கல்கத்தாவிலும், 1955இல் டாக்காவிலும் நடந்து அப்போட்டி முடிவுற்றது. முதலாண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்து கொண்டன. மற்ற மூன்று ஆண்டுகளும் இந்தியாவே வென்றது. பெயர் கொழும்புக் கிண்ணம். கொழும்பிலோ அது ஒரு முறையும் தங்கவில்லை.

இதற்காக அந்தக் காலத்து வீரர்களைக் குறை சொல்லுதல் நீதியாகாது. எதிரே நின்றவர்கள் யார்? 1951ஆம் ஆண்டு டெல்லியிலே ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப்பதக்கம் வென்ற இந்தியா. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலே நாலாம் இடம் வரை ஏறிய இந்தியா. பர்மாவும் பின்னாளில் 1966இலும் 1970இலும் ஆசிய விழாவின் தங்கத்தைக் கொண்டு போயிற்று. இப்படிப்பட்டவர்களோடு தொடக்கத்திலேயே மோத நேர்ந்ததைப் பாக்கியம் என்றும் சொல்லலாம், துர்ப்பாக்கியம் என்றும் சொல்லலாம். நாம் பாக்கியம் என்றே கொள்கிறோம்.

ஆனால் 1952 என்ற அந்த ஆண்டு நம்மவர்களுக்கு வேறொரு காரணத்தாலும் மறக்க முடியாத ஆண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களிற் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கிற்று. வாக்குரிமை போயிற்று. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. நாட்டின் பெயரைச் சட்டையிலே தரித்து ஒரு கோஷ்டி முதன்முதல் பிறநாட்டாரை எதிர்த்து இறங்கிய அதே ஆண்டில், நமது முன்னோர் தாங்கள் இந்த நாட்டார் என்பதைச் சொல்வதற்காகக் கொழும்புத் தெருவிலே அமர்ந்திருந்தார்கள். தேசக் கோஷ்டியில் ஆடுவதற்குத் தேசத்தின் பிரஜையாயிருத்தல் வேண்டும். பந்தை எவ்வளவு அழகாக உதைத்தாலும், பிரஜை அல்லாதவன் அந்தச் சட்டையைக் கேட்பது எங்ஙனம்? ஆகவே இந்தக் கோஷ்டியின் முதற் சில தசாப்தங்களின் கணக்கிலே நாம் தோற்றவர்களுமல்லர், வென்றவர்களுமல்லர். கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள்.

1964ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவ்வாண்டு ஜனவரி 12ஆம் தேதி, தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக, கிழக்கு ஜெர்மனியின் கோஷ்டி கொழும்பிலே இலங்கையைச் சந்தித்தது. கோல் கணக்கு 12-1. இலங்கைக் கோஷ்டி தன் சரித்திரத்திலே கண்ட மிகப் பெரிய தோல்வி அதுவே. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கு முறியடிக்கப்படவில்லை, முறியடிக்கப்பட வேண்டுமென்று பிரார்த்திப்பவரும் இல்லை! ஆனால் வென்றவர்கள் இலேசுப்பட்டவர்களல்லர். அதே ஆண்டு அக்டோபர் மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கிலே ஜெர்மனியின் பெயரால் வெண்கலப் பதக்கம் பெற்றவர்கள் அவர்களே. அப்படிப்பட்டவர்களுக்கு எதிராக ஒரு கோலையாவது போட்ட அந்த இலங்கை வீரரின் காலுக்கு நாம் ஒரு கும்பிடு போட வேண்டும்.

டோக்கியோவில் ஒலிம்பிக் முடிந்த ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 30ஆம் தேதி, டெல்லியிலே இன்னொரு கணக்குத் தீர்க்கப்பட்டது. அதுதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக் கொள்வது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக் கொள்வது. அந்த எச்சத்தையும் 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். பன்னிரண்டு கோல் தோல்வியைப் பத்திரிகையில் வாசித்தவர்கள் மறுநாள் மறந்திருக்கலாம். இந்தத் தோல்வியை நமது லயன்களிலே மறந்தவர் எவர்? எந்த வீட்டிலே அண்ணன் கப்பலேறித் தம்பி தங்கவில்லை? தோட்டத்திலே பதினொரு பேராக ஆடியவர்களில் ஐந்தாறு பேர் தலைமன்னார் வழியே போய்விட்டால், மீதிப்பேர் யாரோடு ஆடுவது? நாடற்றவர் என்ற பிரச்சினை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், முடிவாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்ந்தது. அதாவது, இலங்கைக் கோஷ்டி ஆடத்தொடங்கி ஐம்பத்தொரு ஆண்டு கழித்துத்தான் கதவு முழுமையாகத் திறந்தது.

கோஷ்டியின் கதைக்குத் திரும்புவோம். 1972இல் நாட்டின் பெயர் ஆங்கிலத்திலே மாறியபோது கோஷ்டியின் பெயரும் மாறியது. தமிழிலே அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை. நமக்கு அந்த வேலை மிச்சம். எழுபதுகளையும் எண்பதுகளையும் வேகமாகக் கடந்து செல்வோம். 1983இலிருந்து நாடு பட்ட பாட்டிலே வடக்கிலும் மன்னாரிலும் பந்தாடிய வாலிபர் பலர் கொழும்புக்கு வர வழியற்றுப் போயினர் என்பதை மட்டும் குறிப்பிட்டு வைக்கிறோம்.

உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலே இலங்கை முதன்முதலாக ஆடியது 1993ஆம் ஆண்டு. ஜப்பான், ஐக்கிய அரபு இராச்சியம், தாய்லாந்து, வங்காளதேசம் ஆகியவற்றோடு எட்டு ஆட்டம், எட்டிலும் தோல்வி. ஆனால் அதே ஆண்டு லாகூரில் நடந்த தென்னாசியப் போட்டியிலே இந்தியாவுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம். இரண்டு ஆண்டு கழிந்தது. 1995இல் அந்தத் தென்னாசியத் தங்கக் கிண்ணம் கொழும்புக்கு வந்தது. இறுதியாட்டத்திலே இந்தியாவை 1-0 என்று வீழ்த்தி இலங்கை வெற்றி வாகை சூடியது. நாற்பது ஆண்டுக்கு முன்னே கொழும்புக் கிண்ணத்தை அள்ளிக்கொண்டு போன அதே இந்தியாவைக் கொழும்பிலே வைத்து! தேசக் கோஷ்டி தென்னாசியப் பட்டம் வென்றது அந்த ஒரே தடவைதான்.

இங்கேயுள்ள வாலிபர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை உயர்த்தச் சொன்னால் இரண்டு மூன்றுக்கு மேல் உயராது. ஏனென்றால் அடுத்த ஆண்டு, 1996 மார்ச்சிலே, லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் கிடைத்தது. நாடு முழுதும் மட்டையைத் தூக்கிக் கொண்டது. கிரிக்கெட்டோடு நமக்குப் பகையில்லை. அந்த வெற்றிக் கோஷ்டியிலே கண்டியிலிருந்து சென்ற முத்தையா முரளிதரன் இருந்தார். மலையகத் தமிழன் ஒருவன் நாட்டின் சட்டையை அணிந்து உலகத்தையே சுழற்றக் கூடும் என்பதை நம் பிள்ளைகள் கண்டது அவரால். பந்து சிறிதானாலும் பெரிதானாலும் அது நமக்குப் பெருமையே. ஆயினும் 1995ஆம் ஆண்டின் அந்தப் பதினொருவரும் தங்கள் காலத்திலேயே மறக்கப்பட்டது துக்ககரமானது. உலகத் தரவரிசையிலே இலங்கை எட்டிய மிக உயர்ந்த இடமாகிய 122ஆம் இடமும் அந்தப் பருவத்தில்தான், 1998 ஆகஸ்டிலே, கிடைத்தது.

பிறகு ஒரு முறை தலைநிமிர்ந்தது. 2006ஆம் ஆண்டு வங்காளதேசத்திலே முதலாவது ஆசிய சவால் கிண்ணம் நடந்தது. அரையிறுதியிலே நேபாளத்தைப் பெனால்டி உதைகளில் வென்று இறுதிக்குப் போன இலங்கை, அங்கே தஜிகிஸ்தானிடம் 4-0 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது. 2008 ஏப்ரலில் தாய்ப்பேயில் பாகிஸ்தானை 7-1 என்று அடித்தது கோஷ்டியின் மிகப் பெரிய வெற்றி. அக்காலத்து முன்னணி வீரர் கசுன் ஜயசூரிய இருபதுக்கு மேற்பட்ட கோல்கள் போட்டு, நாட்டுக்காக அதிக கோல் போட்டவரென்ற பெயர் பெற்றார்.

அதற்குப் பின் இறக்கம். 2015 மார்ச்சிலே உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் எதிரே வந்தது பூட்டான். உலகத் தரவரிசையில் கடைசியான 209ஆம் இடத்தில் இருந்த நாடு. அதற்கு முன் உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம் ஒன்றிலும் இறங்காத நாடு. கொழும்பிலே 1-0, திம்புவிலே 2-1 என்று இரண்டையும் பூட்டானே வென்றது. 2019இல் மக்காவோவிடம் முதலாட்டத்தில் 1-0 என்று தோல்வி. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் மக்காவோ கொழும்புக்கு வர மறுத்ததால் இரண்டாம் ஆட்டம் இலங்கைக்கு அளிக்கப்பட்டு, அடுத்த சுற்று கிடைத்தது. அப்படிக் கிடைத்த இடத்திலே தென் கொரியாவிடம் 8-0. இவற்றையெல்லாம் மறைக்காமற் சொல்லுகிறோம். தோல்வியின் கணக்கை ஒளித்து வைக்கும் சங்கம் உருப்படாது. ஆண்டறிக்கை வாசிக்கும் நமது காரியதரிசிக்கும் இது பொருந்தும்.

தோல்வியிலும் போற்றத்தக்கது ஒன்றுண்டு. 2021 ஜூனில் லெபனானோடு நடந்த ஆட்டத்திலே இலங்கை 3-2 என்றுதான் தோற்றது. அந்த இரண்டு கோலையும் போட்டவர் வசீம் ராசிக். ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினிலே பிறந்தவர்; இலங்கைத் தந்தையின் மைந்தர். 1964இல் பன்னிரண்டு கோல் போட்ட நாட்டின் தலைநகரும் பெர்லின்தான். காலத்தின் வேடிக்கையை என்னென்பது!

2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது; ஆகஸ்ட் மாதம் தடை நீங்கும் வரை நாட்டுக்குக் கோஷ்டியே இல்லாதது போலாயிற்று. தடை நீங்கியபின் பிறநாடுகளிலே பிறந்து வளர்ந்த இலங்கை வம்சத்து வாலிபர்களைத் தேடி அழைக்கும் முயற்சி வலுப்பெற்றது. பலன் கைமேல் கண்டது. 2024 செப்டம்பரில் கம்போடியாவோடு கொழும்பில் 0-0, நொம் பென்னில் 2-2, பின்னர் பெனால்டி உதைகளில் வெற்றி. 2025 மார்ச்சிலே பாங்கொக்கில் தாய்லாந்திடம் ஒரே கோலால் தோல்வி. அவ்வாண்டு ஜூனிலே கொழும்பில் சீனத் தாய்ப்பே கோஷ்டியை 3-1 என்று வென்றது. உலகக் கிண்ணமோ ஆசியக் கிண்ணமோ, பிரதான சுற்றுக்கு இலங்கை இதுவரை போனதில்லை; ஆனாலும் 2015இல் பூட்டானிடம் தலைகுனிந்த கோஷ்டி இதுவல்ல.

வெளிநாட்டுப் பிள்ளைகளை அழைப்பதைச் சிலர் கேலி செய்கிறார்கள். நாம் அப்படிச் செய்யமாட்டோம். தந்தையின் நாட்டைத் தன் நாடென்று ஒருவன் தேடி வந்தால் அவனை வரவேற்பதே பண்பு. அந்த ஏக்கம் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்? கரீபியன் கடலிலுள்ள குராசோ என்ற தீவைப் பாருங்கள். ஜனத்தொகை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். பெரும்பாலும் நெதர்லாந்திலே பிறந்த தன் வம்சத்துப் பிள்ளைகளைக் கொண்டே 2025 நவம்பரில் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அந்த வழி நல்ல வழிதான். ஆனால் அது மட்டுமே வழியாகிவிடக் கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

அதற்கு மாலைதீவு சாட்சி. அந்நாட்டின் ஜனத்தொகை நமது கேகாலை மாவட்டத்தின் ஜனத்தொகையினும் குறைவு. மணலும் கடலும் தவிர மைதானத்துக்கு இடமில்லாத தீவுகள். அவர்கள் 2008இலும் 2018இலும் தென்னாசியக் கிண்ணத்தை வென்றார்கள். இரண்டு தடவையும் இறுதியாட்டத்தில் வீழ்ந்தது இந்தியா. 2008ஆம் ஆண்டின் இறுதியாட்டம் நடந்தது கொழும்பிலேயே. நாடு சிறிதென்ற சாக்கை அவர்கள் முன்னே சொன்னால் நகைப்பார்கள். உள்ள பிள்ளைகளை ஒருவர் விடாமல் எண்ணிப் பார்க்கிறவனுக்குச் சிறிய நாடும் போதும். எண்ணாமல் விட்ட பிள்ளைகளை உடைய நாட்டுக்குப் பெரிய ஜனத்தொகை இருந்தும் பயனில்லை.

நமது பிள்ளைகளை எண்ணினார்களா? கொழும்பின் கழகங்களிலே, கொட்டாஞ்சேனையின் ரட்ணம் விளையாட்டுக் கழகம் போலத் தமிழ்ப் பெயர் தாங்கி லீக் சம்பியன் பட்டம் பெற்றதும் உண்டு. மன்னாரும் யாழ்ப்பாணமும் தேசக் கோஷ்டிக்கு வீரர்களைக் கொடுத்திருக்கின்றன. நாவலப்பிட்டியிலிருந்து அப்கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021இல் நாட்டின் உயர்ந்த லீக் போட்டியிலே ஆடியது. மலையகம் கயிற்றுக்கு உள்ளே ஒரு கால் வைத்துவிட்டது. சப்பிரகமுவத் தோட்டங்களோ, இரத்தினபுரியிலும் கேகாலையிலும், இன்னும் வெளியேதான் நிற்கின்றன. மலையகம் என்றால் ஹட்டனையும் நுவரெலியாவையும் நினைப்பவர்கள், ரப்பர் மரத்தின் கீழிருக்கும் நம்மை நினைப்பதில்லை. ஹட்டனுக்குப் போகும் பெருவீதி நமது வாசலாலேதான் போகிறது, பஸ்கள் நிற்பதில்லை!

பிரட்டுக் களத்திலே மாலை நேரத்தில் நமது பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறோம். ஒரு கோல் மேட்டிலும் மற்றக் கோல் பள்ளத்திலும் இருக்கும். பள்ளத்துப் பக்கம் பந்து போனால் ஓடைக்கு ஓடிப்போய் எடுத்துவர ஒருவனை நியமித்திருக்கிறார்கள். மழை பெய்து பால்வெட்டு நின்ற நாட்களில் தகப்பன்மாரும் சேர்ந்துகொள்கிறார்கள். மேட்டை நோக்கி ஆடிப் பழகிய கால்களுக்குச் சமதரை கிடைத்தால் எப்படி ஓடும் என்று பார்க்க நமக்கு ஆசை.

கடந்த ஆண்டு மாவட்டப் போட்டி ஒன்றுக்கு நமது பிள்ளைகள் பதினாறு பேரைப் பதிவு செய்ய முயன்றோம். ஒன்பது பேரைத்தான் பதிய முடிந்தது. மற்ற ஏழு பேரும் ஆட்டத்தில் குறைந்தவர்களல்லர். இரண்டு பேர் அந்தப் பதினாறிலே சிறந்தவர்கள். அவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒருவனுக்குப் பெயர் ஒரு கடதாசியில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தது; மற்றொருவனின் பிறப்பு பதியப்படவேயில்லை. ஒன்பது பேரை வைத்துப் பதினொருவர் ஆட்டத்துக்குப் போக முடியாதாகையால் திரும்பி வந்தோம். வரும் வழியில் பஸ்ஸிலே பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவன் மட்டும், "ஐயா, அப்ப நான் எந்த நாட்டுக்காரன்?" என்று விளையாட்டாகக் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகையால் சங்கத்தின் நிர்வாக சபைக்கு ஒரு பிரேரணையை இந்த மேடையிலிருந்தே சமர்ப்பிக்கிறோம். பந்தும் காற்சட்டையும் வாங்குவதற்கு முன், இவ்வாண்டு விளையாட்டு நிதியிலிருந்து முதற் செலவாக, பதினெட்டு வயதுக்குட்பட்ட நமது தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறப்புப் பதிவையும் சரிபார்க்க வேண்டும். காலங்கடந்த பதிவுக்கும், பெயர்த் திருத்தத்துக்கும், பிரதேச செயலகத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பெண்பிள்ளைகளுக்கும். பாடசாலைக்கும் அடையாள அட்டைக்கும் அதே கடதாசிதான் வேண்டும். உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியோர்கள் இருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். நேற்று நம்மைக் கேள்வி கேட்ட பெரியவரே அவர்களில் ஒருவர் என்பதைச் சந்தோஷத்தோடு தெரிவிக்கிறோம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்திலே மேசை போட்டு அமர்ந்திருப்போம். பெற்றோர்கள் வீட்டிலுள்ள பழைய கடதாசிகள் எல்லாவற்றையும், கிழிந்ததென்று பாராமல், கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் பந்தைக் கொண்டுவரலாம். மண்டபத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.